மூலப்பத்திரம் எங்கேடா பேராண்டி?

டேய் பேராண்டி, ஒன் ஆய்வேட்டைப் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. அட்டை நல்லா இருக்கு. நன்றியுரை அதைவிட நல்லா இருக்கு. நெறியாளர், நெறியாளரோட சம்சாரம், டைப் அடிச்ச பொண்ணு, பைண்டிங் போட்டவருன்னு ஒருத்தரையும் விடல. அதுக்கப்புறம் நெல்லைப் பத்தியும் சோழனைப் பத்தியும் இருநூறு பக்கம் என்னமோ எழுதியிருக்கே. கடைசியா துணைநூற்பட்டியல். அதைப் பாத்துத்தான் அசந்துபோனேன். அத்தனை பொஸ்தகத்தையும் படிச்சியான்னு நான் கேக்கமாட்டேன். வளந்த புள்ளைகிட்ட அப்படியெல்லாம் கேக்கப்படாது. ஆனா பட்டியல்ல ரெண்டு ஜெர்மன் பொஸ்தகம் இருக்கு பாரு, அதைப் பாத்துட்டு ஒங்கப்பன்தான் கேட்டான்: "இவன் எப்போ, எந்தத் தெருவுல ஜெர்மன் படிச்சான்?" கும்மோணத்துல எல்லாம் கிடைக்கும்டான்னு சொல்லிச் சமாளிச்சு வெச்சிருக்கேன்.

இதுல புத்தி சொல்ல தாத்தனுக்கு என்ன யோக்கியதைன்னு நீ நெனைப்பே. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல குந்திக்கிட்டு தலை நரைக்கிற வரைக்கும் பத்திரம் எழுதினவன் நான். நெலம் விக்க வர்றவன் வாயைத் தொறக்குமுன்னே நான் கேக்கிற மொதல் கேள்வி, மூலப்பத்திரம் எங்கே? இந்த நெலம் ஒனக்கு எப்படி வந்துச்சு, ஒனக்குக் குடுத்தவனுக்கு எப்படி வந்துச்சு? வாயால சொன்னா எடுபடாது. '1 புஸ்தகம், இன்ன வால்யூம், இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை, இன்ன வருஷத்து இன்ன நம்பராகப் பதிவு'ன்னு எழுதணும். அப்புறம் செக்குபந்தி. வடக்கே யாரு நஞ்சை, கிழக்கே எந்த வாய்க்கால், தெக்கே மேக்கே என்னன்னு நாலு பக்கமும் சொல்லணும். நாளைக்கு யாரோ முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் அந்தக் காகிதத்தை மட்டும் கையில வெச்சுக்கிட்டு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாம, வரப்புல வந்து நிக்கணும். நீ அடிக்குறிப்புன்னு பொடி எழுத்துல போடுறதும் அந்த வேலைக்குத்தான். ஒன் அடிக்குறிப்பைப் பிடிச்சுக்கிட்டுப் போனா வரப்புக்குப் போவேனா, வாய்க்கால்ல விழுவேனாங்கிறதுதான் கேள்வி.

நீ கட்டில்ல போட்டுட்டுப் போன விதிமுறைப் பொஸ்தகத்தையும் பாத்தேன். எம்.எல்.ஏ. முறைன்னு இருந்துச்சு, நம்ம தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு இதுல என்ன வேலைன்னு கொஞ்சநேரம் புரியல. அப்புறம் ஏ.பி.ஏ. அமெரிக்க மனோதத்துவக்காரங்க 1929ல ஏழு பக்கத்துல எழுதி வெச்சதாம் அது. 2019ல வந்த ஏழாம் பதிப்பு நானூறு பக்கத்தைத் தாண்டிடுச்சு. காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே, சாய்வெழுத்து எங்கேன்னு நானூறு பக்கம்! சிகாகோக்காரன் 1906லேருந்து போட்டுக்கிட்டு இருக்கான், 2024ல பதினெட்டாம் பதிப்பு. பேரும் வருஷமும் அடைப்புக்குள்ள போடுற ஹார்வர்டு முறை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? எட்வர்டு மார்க்குன்னு ஒரு விலங்கியல் வாத்தியாரு, 1881ல ஓடில்லாத நத்தையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. அதுலதான் இப்படி மொதல்ல போட்டாருங்கிறாங்க. நம்ம வயல்ல நாத்தைக் கடிக்கிற நத்தையைப் பாத்தா நாம சுண்ணாம்பைத் தேடுவோம், அவரு ஒரு முறையைக் கண்டுபிடிச்சிருக்காரு.

ஒன் நெறியாளர் காற்புள்ளிக்காக மூணு தடவை திருப்பி அனுப்பினாருன்னு அழுதே. அழுவாதே. காற்புள்ளியைப் பாக்கிறது லேசு, மேற்கோளை எடுத்து மூலத்தோட ஒத்துப் பாக்கிறது கஷ்டம். மனுஷன் லேசான வேலையை மொதல்ல செய்வான். நீயும் அதுக்குத் தோதா நடந்துக்க. காற்புள்ளியெல்லாம் சரியா வெச்சிடு. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டாங்க. எங்க தொழில்லயும் அப்படித்தான், முத்திரைத்தாள் புதுசா மொடமொடன்னு இருந்தா பாதிப்பேரு சர்வே நம்பரைப் படிக்கவே மாட்டான். படிக்காம வாங்கினவன்தான் அப்புறம் வக்கீல் வீட்டு வாசல்ல நிப்பான்.

அந்த ஏழாம் பதிப்புல பதிப்பகத்தோட ஊரை எழுத வேணாம்னு எடுத்துட்டாங்களாமே. நியூயார்க்கு, லண்டன்னு திரும்பத் திரும்ப எழுதி அவங்களுக்கு அலுத்திருக்கும். நம்ம பக்கத்துப் பழைய பொஸ்தகத்துக்கு அது சரிப்படுமா? சரஸ்வதி விலாசம், கலைமகள் அச்சுக்கூடம்னு பேரு வெச்சா அந்தப் பேருல ஊருக்கு ஒண்ணு இருக்கும். ஊரை எடுத்துட்டா எந்தச் சரஸ்வதியைப் போயி கேக்கிறது? முறை என்ன சொன்னா என்ன, ஊரு தெரிஞ்சா எழுதி வெய்யி. ஒன் காசுல கூடுதலா ஒரு வரிதானே.

பேரு சமாச்சாரம் இன்னும் கேலி. குடும்பப் பேரு முன்னாடி, சொந்தப் பேருக்கு ஒரே எழுத்துன்னு விதி. நமக்குக் குடும்பப் பேரு எங்கடா இருக்கு? உ.வே. சாமிநாதையர்னா உத்தமதானபுரம் ஊரு, வேங்கடசுப்பையர் அப்பா. அவரை இங்கிலீஷ் பட்டியல்ல 'ஐயர், எஸ்.'னு போட்டு, ஊரையும் அப்பாவையும் சேத்துத் தொலைச்சுட்டானுங்க. பழைய தலைமுறை ஆளுங்க எல்லாரும் அந்தப் பட்டியல்ல ஐயர், பிள்ளை, முதலியார், செட்டியார்னு வரிசையா நிக்கிறாங்க. துணைநூற்பட்டியலா, சாதிவாரிக் கணக்கெடுப்பான்னு தெரியல. பிள்ளைங்கிற தலைப்புல இருக்கிற ஆளுங்களைப் பிரிச்செடுக்கவே தனியா ஒரு ஆராய்ச்சி பண்ணலாம். இந்தத் தலைமுறையில சாதியை விட்டாச்சு, நல்லது. ஆனா அப்பா பேரைக் கடைசியில போடுறோமா, அதைக் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டு அதை முன்னாடி தூக்கி வெக்கிறான். ராவா பகலா கண்ணு முழிச்சுக் கட்டுரை எழுதினவ மக. மேற்கோள்ல வர்றது அவ அப்பன் பேரு. அந்த அப்பன் கல்லணை தாண்டி வெளியே போனதில்ல, ஆனா பெர்லின்லயும் டோக்கியோவுலயும் அவனை மேற்கோள் காட்டுறாங்க. தமிழ்ல எழுதுறப்போ இயற்பேரை முன்னாடி வெச்சு, தலைப்பெழுத்தைப் பின்னாடி போடு. கேட்டா, உத்தமதானபுரத்துக்காரன் ஊருக்குப் பக்கத்து ஊருன்னு சொல்லு.

வருஷமும் அப்படித்தான். பழைய அச்சுப் பொஸ்தகத்துல பாதி, தமிழ் வருஷம் மட்டும் போட்டிருக்கும். சர்வஜித்து வருஷம் ஆவணி மாசம்னு கண்டா அப்படியே எழுதிட்டு நகந்துடுறே. எந்த சர்வஜித்து? 1887 சித்திரையில பொறந்ததும் சர்வஜித்து, சுதந்திரம் வந்த 1947ம் சர்வஜித்து. நடுவுல அறுபது வருஷம், ஒரு முழு ஆயுசு. தாளைத் தடவிப் பாரு, எழுத்தைப் பாரு, அச்சுக்கூடம் எப்போ இருந்துச்சுன்னு விசாரி. ஒண்ணும் தெரியலைன்னா 'ஆண்டு இல்லை'ன்னு போடு. அதுக்கும் ஒங்க முறையில எடம் இருக்கு, அந்த ஒரு விஷயத்துக்காக அவங்களை நான் மெச்சுறேன்.

'மேலது'ன்னு போடுறே பாரு, அதுல கொஞ்சம் கவனம். மொதல்ல எழுதினப்போ சரியாத்தான் இருந்திருக்கும். அப்புறம் நடுவுல புதுசா ஒரு குறிப்பைச் சொருகியிருக்கே. இப்போ ராஜேந்திர சோழன் கங்கைக்குப் போனதுக்கு ஆதாரம் 'மேலது, ப. 14'. மேலே என்னன்னு பாத்தா, பூச்சிமருந்து விலைப்பட்டியல். கங்கையில அப்போ என்ன பூச்சியோ!

இரு, இதையெல்லாம் விளையாட்டாத்தான் சொன்னேன். இப்போ ஒரு சங்கதி சொல்றேன், கேளு. கொடமுருட்டி பாயிற இதே பாபநாசத்துப் பக்கத்துல இருக்கிற உத்தமதானபுரத்துக்காரரு சாமிநாதையரு, 1855ல பொறந்தவரு. 1880ல கும்மோணம் காலேஜுல தமிழ் வாத்தியார் உத்தியோகம் கிடைக்குது. அதே வருஷம் அக்டோபர்ல, முன்சீபா வந்திருந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பாக்கப் போறாரு. என்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டாரு முன்சீபு. இவரு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலான்னு அடுக்கினாரு. கேட்டவரு முகம் மலரவே இல்ல. சீவகசிந்தாமணி தெரியுமான்னாரு. தெரியாது. அன்னிக்குப் பிடிச்சது அந்த மனுஷனுக்கு.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை இருக்கு. உரையைப் பிரிச்சா ஒவ்வொரு பக்கத்துலயும் வேற வேற பாட்டுலேருந்து வரிகள். எந்த நூலு? சொல்லமாட்டாரு. யாரு பாடினது? சொல்லமாட்டாரு. 'என்றார் பிறரும்'னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பிறர்னா யாருய்யா? தொல்காப்பியரே 'என்மனார் புலவர்'னு போட்டுட்டுப் போனவருதானே, வழிவழியா வந்த பழக்கம். நச்சினார்க்கினியர் மேல குத்தம் சொல்ல நான் வரல. அவரு காலத்துல எதிர்ல குந்தியிருந்த மாணாக்கனுக்கு முழுப்பாட்டும் மனப்பாடம். குரு அரை வரி எடுத்துக் குடுத்தா மீதியை அவன் சொல்லிடுவான். அவனுக்குப் போயி நூல் பேரு, பாட்டு நம்பர் சொன்னா மரியாதைக் குறைச்சல். ஆனா காலம் போச்சு, பாடம் கேக்கிறது அறுந்துபோச்சு, அந்த நூலுங்க எல்லாம் மடத்துப் பரண்ல தூசி தின்னுது. நானூறு ஐநூறு வருஷம் கழிச்சு கும்மோணத்துல ஒரு வாத்தியாரு விளக்கு வெளிச்சத்துல குந்திக்கிட்டு, இது எந்தப் பாட்டு, இது எந்தப் பாட்டுன்னு தவிக்கிறாரு. உரைகாரரு கூட ஒரு சொல்லு எழுதியிருந்தா அவருக்கு எத்தனை ராத்திரி மிச்சம்!

விட்டாரா? அந்த வரிகளைக் குறிச்சு வெச்சுக்கிட்டு மூலத்தைத் தேடினாரு. திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் புரட்டினாரு. சங்க நூல் ஏடுகள்ல, உரையில கண்ட வரிகள் ஒண்ணொண்ணா வந்து சிக்குது. கடைசியில 1887ல சிந்தாமணி அச்சாச்சு. 1889ல பத்துப்பாட்டு, 1892ல சிலப்பதிகாரம், 1894ல புறநானூறு, 1898ல மணிமேகலை. உரைகாரரு பேரைச் சொல்லாம விட்டதுனாலதான் இவரு இவ்வளவு தேடினாரு, ஆகவே ஆதாரம் சொல்லாம எழுதுறதும் தமிழ்த்தொண்டுதான்னு ஒனக்கு ஒரு வாதம் தோணும். தோணட்டும், வாய்மொழித் தேர்வுல சொல்லிப் பாரு. ஆனா ஒன் ஆய்வேட்டைத் தூக்கிக்கிட்டு மடம் மடமா அலைய இன்னொரு சாமிநாதையரு பொறப்பாருன்னு மட்டும் நம்பாதே.

தான் பட்ட பாட்டை அடுத்தவன் படப்படாதுன்னு அவரு செஞ்சதைப் பாரு. எந்தெந்த ஏட்டுப் பிரதியை வெச்சுப் பதிப்பிச்சேன், யாரு குடுத்தாங்க, எந்த ஊருன்னு முகவுரையில எழுதினாரு. ஒரு ஏட்டுல ஒரு மாதிரியும் இன்னொண்ணுல வேற மாதிரியும் இருந்தா, தனக்குப் பிடிச்சதை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை மறைக்கல. பாடபேதம்னு கீழேயே காட்டினாரு. குறிஞ்சிப்பாட்டுல பூவு பேரா அடுக்குற எடம் வரும் பாரு, அதுல சில அடிகள் காணாம இருந்துச்சு. மாயவரத்துக்குப் பக்கத்துல தருமபுரம் மடத்து ஏட்டுலேருந்துதான் அதைக் கண்டெடுத்தாரு. அதையும் பெருமையா தன் பேருல எழுதிக்காம எங்கே கிடைச்சுச்சுன்னு சொல்லிட்டாரு. ஏ.பி.ஏ. பொறக்குமுன்னே செஞ்ச காரியம் இது. அவருக்கு யாரும் காற்புள்ளி சொல்லித்தரல.

இன்னொரு பக்கமும் இருக்கு. பேரைச் சொன்னதுனாலயே பொழச்ச நூலுங்க உண்டு. தகடூர் யாத்திரைன்னு ஒண்ணு, முழுசா இன்னிக்கு எங்கேயும் கிடையாது. உரைகாரங்க எடுத்துக் காட்டினதும், புறத்திரட்டுல சேத்து வெச்சதுமா கொஞ்சம் பாட்டு தப்பிச்சு நிக்குது. வளையாபதி, குண்டலகேசி கதியும் அதுதான். மயிலை சீனி. வேங்கடசாமி, மறைந்துபோன தமிழ் நூல்கள்னு ஒரு பொஸ்தகமே எழுதியிருக்காரு. அதுல இருக்கிறதுல பெரும்பங்கு இப்படி யாரோ போறபோக்குல பேரு சொல்லிட்டுப் போனதைக் கூட்டிச் சேத்தது. இறையனார் களவியல் உரையில, இந்த உரை யாரு யாருக்குச் சொல்லி வந்துச்சுன்னு நக்கீரர்லேருந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரைக்கும் ஆள் ஆளா எழுதியிருக்கு. நடுவுல மணலூர் ஆசிரியர் புளியங்காய்ப் பெருஞ்சேந்தனார்னு ஒருத்தரு. அவரு வேற என்ன செஞ்சாருன்னு யாருக்குத் தெரியும்? பேருக்குள்ள புளியங்காயோட இன்னிக்கும் இருக்காரு. அது தொடர்பத்திரம்டா, ஒரு கை விடாம எழுதினது.

நீ சோழனைப் பத்தி எழுதின ரெண்டாம் இயலுக்கு வர்றேன். பெரியகோயிலைக் கட்டினவன் தன் 26ஆம் ஆட்சியாண்டுல என்ன உத்தரவு போட்டான்? நான் குடுத்தது, அக்கா குடுத்தது, என் பெண்டுங்க குடுத்தது, மத்தவங்க குடுத்தது எல்லாத்தையும் விமானத்துக் கல்லுல வெட்டுன்னான். எல்லாம் நானே செஞ்சேன்னு வெட்டியிருந்தா கேக்க ஆள் இருந்துச்சா? தச்சன் குஞ்சரமல்லன் பேரு கல்லுல இருக்கு. கோயிலுக்கு ஆடவந்த தளிச்சேரிப் பெண்டுங்க நானூறு பேரு. எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனாவது வீடு, எந்த ஊருக் கோயில்லேருந்து வந்தவ, அவ பேரு என்னன்னு ஒருத்தி விடாம எழுதியிருக்கு. திருவாரூர்க்காரி, பழையாறைக்காரின்னு அடையாளத்தோட. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல்லு. அதே கல்வெட்டுல தையக்காரன், நாவிசன், ஈரங்கொல்லி, குசவன், தட்டான்னு எல்லாருக்கும் பங்கு எழுதியிருக்கு. 'மற்றும் பலர்'னு ஒரே சொல்லுல முடிக்கலாம். கல்லு மிச்சம், உளி மிச்சம். மூணு ஆசிரியர் இருந்தாலே மொத ஆளை மட்டும் சொல்லிட்டு மீதிப்பேரை 'மற்றும் பலர்'னு தள்ளச் சொல்லுது ஒங்க ஏ.பி.ஏ. பட்டாவுல 'வகையறா'ன்னு போட்டு அண்ணன் தம்பி பங்கை அமுக்குறவனைத்தான் எனக்கு அது ஞாபகப்படுத்துது.

இந்தக் கல்வெட்டை நீ எப்படிக் காட்டியிருக்கே? 'தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது'. அந்தக் கோயில்ல கல்லு கொஞ்சமாடா இருக்கு? ஹுல்ட்ஷ்னு ஒரு ஜெர்மன்காரரு இதைப் படியெடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் ரெண்டாம் தொகுதியில 66ஆம் எண்ணா அச்சுப் போட்டு வெச்சிருக்காரு. அதை எழுதினா யாரு வேணாலும் நேரா போயிடலாம். திருப்புறம்பயத்து சதாசிவ பண்டாரத்தாரைப் பாரு. பாணாதுறை ஹைஸ்கூல்ல தமிழ் வாத்தியாரா இருந்து அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனவரு. பிற்காலச் சோழர் சரித்திரம் எழுதினாரு, மொதல் பாகம் 1949. பக்கத்துக்குப் பக்கம் அடியில தொகுதி, எண், வருஷம். மேலே இருக்கிற சேதியை நம்பலைன்னா கீழே இறங்கிப் போயி பாத்துக்கங்கிற மாதிரி எழுதியிருக்காரு. நீ அவரை விட்டுட்டு, பொன்னியின் செல்வனுக்கு நாலு அடிக்குறிப்பு போட்டிருக்கே. கல்கி அருமையா எழுதினாரு, நானும் வாராவாரம் காத்துக்கிடந்து படிச்சவன்தான். அதுக்காக நந்தினிக்குப் பக்க எண் குடுத்து ஆராய்ச்சியில சேக்கலாமா? அவளைக் கட்டினதா சொல்ற பழுவேட்டரையரே வெக்கப்படுவாரு.

அடுத்து ஒங்க யூ.ஜி.சி. சட்டம், 2018. அடுத்தவன் எழுத்தோட ஒத்துப்போறது பத்து சதம் வரைக்கும் இருந்தா தண்டனை இல்ல. அதுக்கு மேல நாப்பது வரைக்கும் போனா திருத்தி எழுதி ஆறு மாசத்துக்குள்ள குடுக்கணும். நாப்பதுலேருந்து அறுபதுன்னா ஒரு வருஷம் சமர்ப்பிக்கவே முடியாது. அறுபதைத் தாண்டினா பதிவே ரத்து. பொதுவா தெரிஞ்ச விஷயம், யதேச்சையா ஒத்துப்போற சொல்லு இதெல்லாம் தொடர்ந்து பதினாலு வார்த்தை வரைக்கும் கணக்குல வராது. அப்போ சூட்சுமம் என்ன? பதிமூணாவது வார்த்தையில ஒரு 'ஆகவே'யைச் சொருகு. நெல்லுங்கிற எடத்துல சாலின்னு போடு, வயலைக் கழனின்னு மாத்து. கம்ப்யூட்டர் கும்பிட்டு வழி விட்டுடும். ஒன் ஆய்வேடு ஏழு சதம்னு சான்றிதழ் வாங்கி வெச்சிருக்கே, பெருமைதான். அந்த மிஷின் வார்த்தையை எண்ணும்டா தம்பி. நெசமா பொய்யான்னு அதுக்குத் தெரியாது.

எப்படின்னு கேளு. நாலாம் இயல்ல நெல்லு பேரெல்லாம் எழுதியிருக்கே. மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான், காட்டுயானம், பூங்கார், எல்லாம் சரி. பட்டியல் நடுவுல 'மாமியார்மொறச்சான்'னு ஒண்ணு இருக்கு. டெல்டாவின் அரிய நெல் வகை, நூத்துமுப்பது நாள் பயிர், வெள்ளம் தாங்கும், புதுமணப்பெண்ணுக்கு ஆகிவந்ததுன்னு நாலு வரி. அடிக்குறிப்புல ஒரு ஆய்விதழ்க் கட்டுரை. அந்தக் கட்டுரைக்கு ஆதாரம் வேற ஒரு ஆய்வேடு. அந்த ஆய்வேட்டுக்கு ஆதாரம் 'தகவலாளர் 7'. இந்த ஏழாம் நம்பரு யாருங்கிறே? நான்தான்.

எந்தப் பல்கலைக்கழகம்னு சொல்லமாட்டேன். ஒரு பையன் டேப்பைத் தூக்கிக்கிட்டு வந்தான். கொல்லையில கயித்துக்கட்டிலைப் போட்டு, மோர் குடுத்து, எங்க பாட்டன் காலத்துலேருந்து கேட்டதையெல்லாம் சொன்னேன். குறுவை எப்போ, தாளடி எப்போ, எந்த நெல்லு எந்தப் பள்ளத்துக்கு ஒத்துவரும், எதை உப்புத்தண்ணி பக்கத்துல போடலாம்னு பொழுது சாயுற வரைக்கும். அவன் கேட்டதெல்லாம் என் வயசும் சாதியும்தான். பேரு கேக்கல. போறப்போ, "வேற ஏதாவது நெல் பேரு இருக்கா, எண்ணிக்கை கொஞ்சம் குறையுது"ன்னான். குறையுதுங்கிறானே பாவம்னு ஒண்ணைச் செஞ்சு குடுத்தேன். ஒங்க பாட்டி அன்னிக்குத் தன் மாமியாரைப் பத்திப் பேசிக்கிட்டே சோறு வடிச்சுக்கிட்டு இருந்தா. பேரு அங்கேருந்து வந்துச்சு. நூத்துமுப்பது நாளும் வெள்ளம் தாங்குறதும் நான் சொன்னதில்ல. அது போற வழியில அவங்கவங்க போட்ட எரு.

அந்த ஆய்வேட்டைத் தேடிப் பிடிச்சுப் படிச்சிருந்தா தகவலாளர் 7ன்னு வந்து நின்னிருப்பே. எந்த ஊருன்னு பாத்திருந்தா நம்ம ஊருன்னு இருந்திருக்கும். ஒரு தெரு தாண்டி வந்து என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ பாத்தது கட்டுரையை மட்டும். ஆனா கட்டுரைக்கு ஆதாரமான ஆய்வேட்டையும் படிச்ச மாதிரி பட்டியல்ல சேத்துட்டே. இன்னார் சொன்னதா இன்னார் எழுதினதுன்னு ஒத்துக்கிறதுக்கு ஒங்க ஏ.பி.ஏ.யிலயே வழி இருக்கு. அதை எழுதக் கௌரவம் எடங்குடுக்கல.

இப்போ இன்னொரு வசதி வந்திருக்காமே, கேட்டா ஆதாரத்தையே தயார் பண்ணிக் குடுக்கிற மிஷின். ஆசிரியர் பேரு, வருஷம், பக்கம் எல்லாம் இருக்கும். பொஸ்தகம் மட்டும் பூலோகத்துல இருக்காது. 2023ல நியூயார்க்குல வக்கீலுங்க அதை நம்பி, நடக்காத வழக்குகளைத் தீர்ப்போட கோர்ட்டுல மேற்கோள் காட்டினாங்க. ஜட்ஜு தேடிப் பாத்துட்டு 5,000 டாலர் அபராதம் போட்டாரு. நான் ஒரு நெல்லைச் செய்யவே அரை நாள் மோர் குடுத்துக் கதை சொல்லவேண்டியிருந்துச்சு. அது ஒரு நொடியில முப்பது நெல்லைச் செய்யுது. எனக்குப் பொறாமைதான்.

சரி, இப்போ என்னை எப்படிக் காட்டப்போறே? விதியைப் பாத்தேன். தாத்தன் சொன்னதுக்கு 'தனிப்பட்ட தகவல்தொடர்பு'ன்னு உள்ள அடைப்புக்குறியில மட்டும் போடணும், பட்டியல்ல சேக்கப்படாதாம். படிக்கிறவன் திரும்பத் தேடி எடுக்க முடியாதாம். ஏண்டா, நான் இங்கேதானே இருக்கேன்? எவனோ ஒருத்தன் யூடியூப்புல வாய்க்கு வந்ததைப் பேசினா அதுக்குப் பட்டியல்ல எடம் உண்டு, எனக்கு இல்லையா? கனடாவுல லொரீசியா மக்லியோட்னு ஒரு பொண்ணு, அங்கத்துப் பூர்வகுடி கிரீ இனத்துக்காரி, லைப்ரரி வேலை பாக்கிறவ. எங்க பெரியவங்க சொல்றதும் பொஸ்தகத்துக்குச் சமம்தான்னு, அவங்களைப் பட்டியல்ல போடுறதுக்கு ஒரு முறையை உண்டாக்கி 2021ல கட்டுரையே எழுதிட்டா. பேரு, எந்தச் சனம், எங்கே குடியிருக்காரு, எதைப் பத்திப் பேசினாரு, எந்தத் தேதி. பாத்தியா, செக்குபந்தியோட இருக்கு. அந்தப் பொண்ணு இங்க பொறந்திருந்தா நான் பத்திரம் எழுதச் சேத்துக்கிட்டிருப்பேன்.

பேனாவை எடு. என் பேரு, எங்கப்பா பேரு, ஊரு, எந்த வாய்க்கால் பாசனம், பேசின தேதி, பேசின எடம் கொல்லைக் கயித்துக்கட்டில். விஷயம் நெல்லு. தேதியை இங்கிலீஷ்ல போடு, சர்வஜித்து கிர்வஜித்துன்னு எழுதிட்டுப் போயிடாதே. கடைசியில அடைப்புக்குள்ள ஒரு வரி சேத்துக்க: தகவலாளர் சொன்னதுல பொய்யும் உண்டு.

மாமியார்மொறச்சான் ஒண்ணுதானே தாத்தான்னு கேக்கிறியா? அது எப்படிடா நான் சொல்றது? மோரும் குடுத்து விடையும் குடுக்கணுமா? ஆடுதுறையில நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பட்டியலை எடுத்துக்கிட்டுப் போயி ஒவ்வொண்ணா விசாரி. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா, தரட்டுமா?